நான் பேசாத வாய்மொழித் தேர்வு

ஈப்போ மருத்துவமனையில் தொண்டை டாக்டர் ஒரு மெல்லிய குழாயை என் மூக்கு வழியாக விட்டுப் பார்த்தார். பார்த்துவிட்டுத் திரையை என் பக்கம் திருப்பினார். குரல்நாண்கள் இரண்டும் சிவந்து தடித்துப் போயிருந்தன. அவர் என்னைவிட இளைய சீனப் பெண். என்ன வேலை செய்கிறீர்கள் என்று மலாயில் கேட்டார். ஆசிரியை என்று சொல்ல வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கணவர் எனக்காகப் பதில் சொன்னார். ஆசிரியை மட்டுமல்ல, தேவாலயப் பாடகர் குழுவிலும் பாடுவாள் என்று பெருமையாகச் சேர்த்துக்கொண்டார்.

மூன்று வாரம் பேசவே கூடாது என்றார் டாக்டர். கிசுகிசுப்பதும் கூடாதாம், அது பேசுவதைவிடக் கெடுதலாம். நான் தலையாட்டினேன். கார் நிறுத்துமிடத்துக்கு வந்த பிறகுதான் எனக்கு நினைவு வந்தது. அந்த மாதம்தான் பதினாறு வயது நான்காம் படிவ மாணவர்களுக்கு வாய்மொழி மதிப்பீடு.

எங்கள் ஊரான ஆயர் தாவாருக்குத் திரும்பும் வழியெல்லாம் கணவர் ஒருவரே பேசிக்கொண்டு வந்தார்.

"கல்யாணம் ஆனதுலேருந்து இன்னிக்குத்தான் நான் ஒரு பேச்ச முழுசா முடிச்சிருக்கேன்," என்றார்.

நான் அவர் தோளில் ஒரு குத்து விட்டேன். அவர் சிரித்துவிட்டு, தனக்குத் தெரிந்த ஒரு பாடத்தை எனக்கு நடத்தத் தொடங்கினார். அவருக்குப் பாமாயில் எடுக்கும் செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை. உள்ளே இருக்கும் இரைச்சலில் யார் கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே எல்லாவற்றுக்கும் கைஜாடை உண்டு. இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குறுக்காகப் பிடித்தால் 'எல்லாத்தையும் நிறுத்து'. உள்ளங்கையைக் காட்டி அப்படியே வைத்திருந்தால் 'பொறு, அவசரப்படாதே'. சிவப்பு விளக்கில் கார் நின்றபோதெல்லாம் ஒவ்வொன்றாகச் செய்து காட்டினார்.

எங்கள் பள்ளி மலாய்வழித் தேசிய இடைநிலைப்பள்ளி. அங்கே தமிழ், விரும்பியவர்கள் எடுக்கும் பாடம். தமிழாசிரியை நான் ஒருத்திதான். நான்காம் படிவத் தமிழ் வகுப்பில் இருபத்துச் சொச்சம் பேர் இருந்தார்கள். பாதிப் பேருடைய வீட்டு முகவரியில் இன்னமும் தோட்டத்துப் பெயர் இருக்கும். ஆனால் அந்தத் தோட்டங்களில் ரப்பர் மரம் ஒன்றுகூடக் கிடையாது. கொஞ்சம் செம்பனை, மீதியெல்லாம் வரிசை வீடுகள். தகப்பன்மார் லுமுட் துறைமுகத்துக்கும் லோரி ஓட்டவும் போகிறவர்கள்; தாய்மார் தொழிற்சாலைக்கும் கடைகளுக்கும் போகிறவர்கள்.

மதிப்பீடு என்பது கேட்பதற்கு எளிமையானதுதான். மாணவர் ஒரு தலைப்பில் சில நிமிடம் பேசிப் படைக்க வேண்டும். பிறகு ஆசிரியர் கேள்வி கேட்க வேண்டும். பொருள், மொழி, உச்சரிப்பு, சரளம், கேள்விக்குப் பதில் சொல்லும் விதம் என்று எல்லாவற்றையும் பார்த்து, ஒன்று முதல் உச்சமான ஆறு வரை ஓர் அடைவுநிலையைக் கொடுக்க வேண்டும். ஆனால் கேள்வி கேட்க வேண்டிய ஆளுக்கு வாய் இல்லை.

திங்கட்கிழமை காலை ஒரு சின்ன வெள்ளைப் பலகையையும் மார்க்கர் பேனாவையும் எடுத்துக்கொண்டு முதல்வர் அறைக்குப் போனேன். முதல்வர் பொறுமையான மலாய்க்காரர். சித்தியவான் பக்கத்துப் பள்ளியிலிருந்து ஒரு தமிழாசிரியரை வரவழைத்து, முழு மதிப்பீட்டையும் அவரிடமே ஒப்படைத்துவிடலாம் என்றார். 'புது ஆள் முன்னால் என் பிள்ளைகள் வாய் திறக்க மாட்டார்கள்' என்று மலாயில் எழுதிக் காட்டினேன். அவர் அதைப் படித்துவிட்டு, "உங்களால் திறக்கவே முடியாதே, டீச்சர்," என்றார். சிரிக்காமல்தான் சொன்னார்.

பலகையை அழித்துவிட்டு, 'ஒரு வாரம் கொடுங்கள்' என்று எழுதினேன். கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். மதிப்பீட்டை நான் நடத்துவேன். கடைசி நாள் மட்டும் அந்த ஆசிரியர் இரண்டாம் மதிப்பீட்டாளராக வந்து உட்காருவார். சரிவரவில்லை என்று அவர் சொன்னால், எல்லாருக்கும் மறுபடி நடத்துவார்.

வகுப்பில் விஷயத்தைக் கரும்பலகையில் எழுதினேன். பிள்ளைகளுக்கு ஒரே குதூகலம். ஆசிரியை மூன்று வாரம் பேச மாட்டாள் என்றால் யாருக்குத்தான் கசக்கும்? வகுப்புத் தலைவன்தான் முதலில் விவரத்துக்கு வந்தான்.

"அப்ப கேள்வியெல்லாம் யாரு டீச்சர் கேக்குறது?"

நான் சாக்கட்டியால் அவனைச் சுட்டினேன். பிறகு அவன் பக்கத்தில் இருந்தவளை, பின்வரிசையை, எல்லாரையும் சுட்டினேன்.

"நாங்களா?"

தலையாட்டினேன். தலைப்பையும் எழுதிப் போட்டேன்: 'எனக்குச் செய்யத் தெரிந்த ஒரு வேலை'.

முதல் நாள் படுதோல்வி. ஒரு பையன் முட்டை பொரிப்பது எப்படி என்று படைத்தான். அவனுடைய கூட்டாளி எழுந்து, "முட்ட ருசியா இருந்துச்சா?" என்று கேட்டான். இவன் "இருந்துச்சு" என்றான். அவன் "நன்றி" என்று உட்கார்ந்துவிட்டான். அடுத்தவளிடம் எந்த நிறம் பிடிக்கும் என்று கேட்டார்கள். அதற்கடுத்தவனிடம் காதலி இருக்கிறாளா என்று கேட்டார்கள். அவ்வளவுதான், வகுப்பே கூரையைத் தூக்கிவிட்டது. துடைப்பானால் மேசையைத் தட்டினேன், எனக்கே கேட்கவில்லை. வழக்கமாக ஒரே அதட்டலில் அடக்கிவிடுகிறவள், தொண்டையில் கை வைத்துக்கொண்டு நின்றேன். கண்ணில் நீர் முட்டியது என்றுகூடச் சொல்லலாம்.

பிறகு இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக் குறுக்காகப் பிடித்தேன்.

வகுப்பு அப்படியே நின்றது. டீச்சருக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள் போலும். அந்த அமைதி கலைவதற்குள் கரும்பலகையில் பெரிதாக எழுதினேன்: 'உனக்கு நிஜமாகவே தெரியாததை மட்டும் கேள்.'

மறுநாள் ஒருவன் மோட்டார் சைக்கிள் சங்கிலி மாற்றுவதைப் பற்றிப் பேசினான். இரண்டே நிமிடத்தில் முடித்துவிட்டான். வழக்கமாக இதுபோன்ற இடத்தில் நான் ஏதாவது எடுத்துக் கொடுப்பேன். இப்போது முடியாது. எல்லாரும் காத்திருந்தோம். ஒரு பெண் தயங்கித் தயங்கிக் கை தூக்கினாள்.

"சங்கிலி லூசா இருக்குன்னு எப்புடித் தெரியும்? எங்கண்ணன் மோட்டார்லயும் சத்தம் வருது. அது சங்கிலியா வேற எதாச்சுமான்னு எனக்குத் தெரியல."

பையன் கொஞ்சம் யோசித்தான். "என்னா மாரி சத்தம்?"

அவள் நாக்கை மடித்து அந்தச் சத்தத்தைச் செய்து காட்டினாள். அவன் அது சங்கிலி இல்லை, பிரேக் என்றான். எப்படி என்று இன்னொருவன் கேட்டான். அவன் விரலால் காற்றில் சக்கரம் வரைந்து விளக்க ஆரம்பித்தான். தப்பில்லாமல், திணறாமல், முழு வாக்கியங்களாக வந்தன. நான் மதிப்பெண் போடுவதை மறந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் சூடு பிடித்தது. ஒரு பெண் தன் கைக்குழந்தைத் தம்பியைக் குளிப்பாட்டும் முறையைச் சொன்னாள். முரட்டுப் பயல்கள் என்று பெயரெடுத்த இருவர், தண்ணீர் சூடு சரியா என்று எப்படித் தெரியும், கண்ணில் சோப்பு போனால் என்ன செய்வது என்று விடாமல் கேட்டார்கள். அவள் முழங்கையைத் தொட்டுக் காட்டிப் பதில் சொன்னாள். மணி அடித்த பிறகும் கேள்வி நிற்கவில்லை. ஆசிரியர் அறைக்கு நடந்தபோது என் கால் தரையில் பாவவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது, சொல்ல முடியவில்லை. பலகையில் 'பிரமாதம்' என்று மட்டும் எழுதி, எதிரில் வந்த கணித ஆசிரியையிடம் காட்டினேன். அவள் ஏதும் புரியாமல் எனக்கு வாழ்த்துச் சொன்னாள்.

ஒருத்தியை நினைத்துத்தான் பயம். அவள் அப்பாவின் வேலை மாற்றத்தால் அந்த ஆண்டுத் தொடக்கத்தில் கமுந்திங்கிலிருந்து வந்தவள். தொடக்கப்பள்ளி ஆறு ஆண்டும் சீனப்பள்ளியில் படித்தவள். தாய்மொழி வேண்டும் என்று அவளுடைய அம்மா பிடிவாதமாகத் தமிழ் வகுப்பில் சேர்த்திருந்தார். வீட்டுத் தமிழ் நன்றாக இருந்தது, படிப்பதுதான் எழுத்துக்கூட்டி. வந்த புதிதில் வாசிக்கச் சொன்னபோது 'வாளப்பளம்' என்றாள். பின்வரிசை சிரித்துவிட்டது. அன்றிலிருந்து வகுப்பில் ஆமாம், இல்லை என்ற இரண்டு சொற்களுக்கு மேல் அவள் எதுவும் பேசியதில்லை. போன மதிப்பீட்டில் அடைவுநிலை இரண்டு. அதுவும் என் இரக்கத்தில் கொடுத்தது. இந்த முறை தன்னைக் கடைசி நாளில் போடும்படி அவளே கேட்டிருந்தாள்.

கடைசி நாள், சித்தியவானிலிருந்து அந்த ஆசிரியர் வந்தார். இளைஞர், கசங்காத சட்டை, கையில் மதிப்பீட்டுத் தாள்கள். "டீச்சர், நீங்க வழக்கம்போல நடத்துங்க, நான் பின்னால ஒக்காந்துக்குறேன்," என்று பணிவாகச் சொன்னார். மற்றவர்கள் முடித்ததும் அவள் பெயரைப் பலகையில் எழுதிக் காட்டினேன்.

அவள் ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தாள். 

"அவையில் வீற்றிருக்கும் ஆன்றோர்களே, சான்றோர்களே. சமையற்கலை என்பது... ஆயகலைகள்... அறுபத்து..."

யாரோ பெரியவர் எழுதிக் கொடுத்தது என்று முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. அவள் நின்றாள். மறுபடி 'ஆயகலைகள்' என்றாள். மறுபடி நின்றாள். பின்னாலிருந்து இளம் ஆசிரியர் எடுத்துக் கொடுக்க வாயெடுத்தார். நான் உள்ளங்கையைக் காட்டினேன். அவர் பின்னால் சாய்ந்துகொண்டார்.  

வகுப்புத் தலைவன் கையைத் தூக்கினான். படைப்பு முடியாமல் கேள்வி கேட்கக் கூடாது என்பது விதி. என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன்.

"நீ மார்க்கெட் பக்கத்துல இருக்குற கோப்பிக்கடையிலதான சனி, ஞாயிறு வேலை செய்யுற?"

"ஆமா," என்றாள்.

"நான் அப்பாகூட அங்க பசியாற வந்தேன். எங்க மேசையில எட்டுப் பேரு. ஆளுக்கு ஒண்ணு சொன்னாங்க. நீ எழுதவே இல்ல. வெளியில நின்னுக்கிட்டு உள்ள இருக்குற அங்கிளுக்குக் கத்துன. எல்லாம் சரியா வந்துச்சு. எப்புடி ஞாபகம் வச்சுக்குற? எனக்கு நிஜமாவே தெரியல."

அவள் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். அதை மடித்து மேசையில் வைத்தாள்.

"ஆளுங்கள ஞாபகம் வச்சுக்க மாட்டேன். நாக்காலியத்தான் ஞாபகம் வச்சுக்குவேன்," என்றாள். "செவத்துப் பக்கம் இருக்குறது மொத நாக்காலி. அங்கேருந்து சுத்தி வருவேன். மனசுக்குள்ள கோப்பியெல்லாம் ஒண்ணாச் சேத்துடுவேன், தேத்தண்ணியெல்லாம் ஒண்ணாச் சேத்துடுவேன். தண்ணி கலக்குற அங்கிளுக்குக் கோப்பிப் பானை ஒரு பக்கம், தேப் பானை ஒரு பக்கம். மாத்தி மாத்திச் சொன்னா அவரு ரெண்டு பக்கமும் ஓடணும்லா."

இதுவரை அவள் வாயிலிருந்து இத்தனை சொற்கள் ஒன்றாக வந்து நான் கேட்டதில்லை. இளம் ஆசிரியர் பேனாவை மூடிவிட்டு முன்னால் சாய்ந்தார்.

"நானும் கேக்கலாமா?" என்றார். "கோப்பி, ஓ, கோசோங், பெங்னு கடையில கூப்புடுறாங்களே, அந்த வரிசையிலதான் கூப்புடணுமா? மாத்திக் கூப்புட்டா என்ன?"

"அங்கிள் கை அந்த வரிசையிலதான் போவும் சார். எந்தப் பானைன்னு மொதல்ல தெரியணும். அப்பறம் 'ஓ'ன்னா பாலு வேணாம். 'கோசோங்'னா சீனியும் வேணாம். 'பெங்' கடைசி, ஐஸ் மேல போடுறது. நான் வரிசைய மாத்துனா அவரு கை நின்னுடும்."

பின்வரிசையிலிருந்து ஒருவன், "அப்ப இப்ப எங்ககிட்ட ஆர்டர் எடுத்துக் காட்டு," என்றான்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் கையை வகுப்புப் பக்கம் விரித்துக் காட்டினேன்.

அவள் மேசைகளுக்கு நடுவே நடக்க ஆரம்பித்தாள். நடையே மாறிவிட்டது. தோள் நிமிர்ந்து, ஒவ்வொருவர் முன்னும் ஒரு நொடி நின்று, கண்ணைப் பார்த்துத் தலையசைத்து அடுத்தவரிடம் போனாள். பிள்ளைகள் வேண்டுமென்றே குழப்பினார்கள். ஒருவன் மைலோ என்றான். அவள் இரண்டு மேசை தாண்டிப் போன பிறகு தே என்று மாற்றினான். இளம் ஆசிரியரும் ஒரு கோப்பி சொன்னார், சீனி குறைவாக. நான் பலகையில் 'வெந்நீர்' என்று எழுதிக் காட்டினேன்.

அவள் வாசலுக்குப் போய் நின்றாள். வராந்தாப் பக்கம் திரும்பி மூச்சை இழுத்துக் கூப்பிட்டாள்.

அது கத்தல் இல்லை. ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக, மணிமணியாகப் போய் விழுந்தது. கோப்பிகள் முதலில், தே பிறகு, கடைசியில் டீச்சருக்கு வெந்நீர். எதிர் வகுப்பில் மலாய் ஆசிரியர் பாடத்தை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். அவள் திரும்பி வந்து, மைலோவை மாற்றியவனைப் பார்த்து, "ஒன்னோட மைலோவ அழிச்சிட்டேன், தேதான் வரும்," என்றாள்.

வகுப்பு கைதட்டியது. இளம் ஆசிரியர் கைதட்டல் அடங்கும்வரை காத்திருந்தார். அவர் நல்லெண்ணத்தோடுதான் கேட்டார் என்று அவர் குரலிலேயே தெரிந்தது.

"இது தமிழ்ப் பாடம்மா. நான் மொழிக்கும் மதிப்பெண் போடணும். இதே ஆர்டரத் தமிழ்ல சொல்லிக் காட்ட முடியுமா?"

"சொல்லலாம் சார். கொஞ்சம் நீட்டா வரும்." அவள் கண்ணை ஒருமுறை மூடித் திறந்தாள். "பால் இல்லாம, சீனி இல்லாம, ஐஸ் போட்ட கோப்பி மூணு. பால் ஊத்துன சூடான கோப்பி ரெண்டு. சாருக்குச் சீனி கொறச்சலா ஒண்ணு..." என்று ஒன்று விடாமல் சொல்லி முடித்தாள். முடித்துவிட்டு, "இப்புடிக் கூப்புட்டா அங்கிள் வேலைய விட்டுட்டுப் போய்டுவாரு," என்றாள். அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

அப்புறம் கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. மேசைக்குத் தப்பான தண்ணி, கோப்பிக்குப் பதில் தே, போய்விட்டால் என்ன செய்வாய் என்று ஒருத்தி கேட்டாள்.

"தப்பு யாரு பண்ணாலும் மொதல்ல கிளாஸ எடுத்துடணும். அது மேசையில இருக்குற வரைக்கும் அவங்க கோவம் போவாது."

கடைசியாக, அந்த வாழைப்பழ நாளில் முதலில் சிரித்த பெண் எழுந்தாள். கொஞ்சம் தடுமாறினாள்.

"அங்க யாராச்சும் நீ பேசுறத கிண்டல் பண்ணா?"

 அவள் நேராக அந்தப் பெண்ணைப் பார்த்தாள். கோபம் எதுவும் இல்லை.

"கடையில யாரும் பண்ண மாட்டாங்க. பண்ணா தண்ணி லேட்டா வரும்."

முதலில் சிரித்தது கேள்வி கேட்டவள்தான். பிறகு எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். டாக்டர் சிரிப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நான் சத்தம் வராமல், தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தேன்.

மணி அடித்த பிறகு நானும் அந்த ஆசிரியரும் தாள்களை ஒப்பிட்டோம். ஒருவர் தாளை மற்றவர் பார்க்காமல் எழுதியிருந்தோம். அவளுக்கு இருவருமே ஐந்து போட்டிருந்தோம்.

"ழகரம் வரல, டீச்சர். அதுக்கு மட்டும் கொறச்சேன்," என்றார் அவர். "மத்த எதுலயும் கொறைக்க எடம் கெடைக்கல."

'நானும் அதற்குத்தான்' என்று எழுதிக் காட்டினேன். மற்றவர்களின் தாள்களையும் எடுத்தோம். நான் தனியாகப் போட்ட மதிப்பெண்களையும், பிள்ளைகள் எப்படிக் கேள்வி கேட்டார்கள் என்று நான் எழுதி வைத்திருந்ததையும் அவர் நிதானமாகப் படித்தார். மறுபடி நடத்தத் தேவையில்லை என்று சொல்லி, எல்லாத் தாளிலும் கையெழுத்துப் போட்டார். போகும்போது, "அந்தக் கேள்வி விதிய நான் எடுத்துக்குறேன். எங்க பிள்ளைங்க இன்னும் முட்ட ருசியா இருந்துச்சான்னுதான் கேட்டுக்கிட்டு இருக்காங்க," என்றார்.

முதல்வரிடம் முடிவுகளைக் கொண்டு போனேன். அவர் தாள்களைப் புரட்டி, ஐந்து என்ற எண்ணில் விரலை வைத்து, இது அந்தச் சீனப்பள்ளிப் பெண்ணா என்று கேட்டார். ஆம் என்று தலையாட்டினேன். அவர் எழுந்து நின்று என் கையைக் குலுக்கினார். இத்தனை ஆண்டில் அது முதல் தடவை.

இரண்டு வாரம் கழித்து எங்கள் பள்ளி விளையாட்டுப் போட்டி. எதிர் வகுப்பிலிருந்து எட்டிப் பார்த்த மலாய் ஆசிரியர்தான் அந்த ஆண்டு அறிவிப்புக்குப் பொறுப்பு. அன்றைய குரல் யாருடையது என்று விசாரித்துக்கொண்டு என்னிடம் வந்தார். அறிவிப்புச் செய்ய வருகிறாயா என்று அவளைக் கேட்டோம். அம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றவள், மறுநாள் காலை எல்லா மாணவரும் கூடும் சபைகூடலுக்கு முன்பே வந்து சரி என்றாள். கடை முதலாளியிடம் போட்டி நடக்கும் சனிக்கிழமைக்கு லீவும் வாங்கிவிட்டாளாம்.

அன்று காலையிலிருந்து நண்பகல் வரை திடல் முழுக்க அவள் குரல்தான். ஓட்டக்காரர்களை மலாயில் அழைத்தாள். பெற்றோருக்கான அறிவிப்புகளை மலாயிலும், மாண்டரினிலும், தமிழிலும் சொன்னாள். சீனப் பாட்டிகள் சிலர் இந்தப் பெண் யார் என்று கூடாரத்துக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள். நான்காம் படிவத் தமிழ்ப் பிள்ளைகள் கூடாரத்துக்குப் பின்னால் கும்பலாக நின்று, எங்கள் வகுப்பு, எங்கள் வகுப்பு என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

கடைசி நிகழ்ச்சி பெண்கள் அஞ்சல் ஓட்டம், கோலைக் கைமாற்றி ஓடுவது. அவள் சேர்ந்திருந்த விளையாட்டு அணியான பச்சை இல்லம் மூன்றாவதாக வந்துகொண்டிருந்தது. கோலைக் கடைசியாக வாங்கிய பெண் வளைவில் ஒருத்தியை முந்தினாள். அறிவிப்பாளர் எந்த இல்லத்துக்கும் சாயக் கூடாது என்று அவளிடம் சொல்லியிருந்தோம். அதுவரை சாயவில்லை. கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் பச்சைச் சட்டை இன்னொருத்தியையும் தாண்டியபோது, "ஓடு, ஓடு, விடாத, ஓடு," என்று ஒலிபெருக்கியில் தமிழ் கொட்டியது. திடலே திரும்பிப் பார்த்தது. முதல்வர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவள் ஒரு கணம் நாக்கைக் கடித்துக்கொண்டு, தொண்டையைச் செருமிவிட்டு, சுத்தமான மலாயில், முதலிடம் பச்சை இல்லம் என்று அறிவித்தாள்.